நோபல் கவிஞர் தாகூர், இங்கிலீஷ் வாத்தியார் தாகூர்: தாய்மொழியை விடாமல் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது எப்படி?

ரவீந்திரநாத் தாகூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தேசிய கீதம், கீதாஞ்சலி, நோபல் பரிசு, நீண்ட வெள்ளைத் தாடி. அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். அதற்காகப் பாடப்புத்தகங்களையே எழுதியவர்.

பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும், அதே சமயம் தாய்மொழியும் போயிடக்கூடாது. எந்த வயசுல, எப்படிச் சொல்லிக்கொடுக்கறது? இன்றும் ஸ்கூல் அட்மிஷன் சமயத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் இந்தப் பேச்சு, 130 வருஷத்துக்கு முன்பே வங்காளத்தில் பெரிய விவாதமாக இருந்தது. அதில் தாகூர் எடுத்த நிலைப்பாடு என்ன? தன்னுடைய பள்ளியில் அவர் என்ன செய்தார்? அதில் எவ்வளவு ஜெயித்தார், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

அர்த்தம் தெரியாமல் பாடிய பாட்டு

தாகூர் பிறந்தது 1861 மே 7-ம் தேதி, கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில். பெரிய பணக்காரக் குடும்பம். அப்பா தேவேந்திரநாத், பிரம்ம சமாஜத்தின் முக்கியத் தலைவர். பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில் கடைக்குட்டியாக வளர்ந்தவர் ரவி.

வீட்டில் வசதி இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் அவருக்கு ஒத்துவரவே இல்லை. ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர்ஸ் என்று ஒவ்வொரு பள்ளியாக மாற்றினார்கள். எதிலும் அவர் படிப்பை முடிக்கவில்லை.

நார்மல் ஸ்கூலில் நடந்த ஒரு விஷயம் அவர் மனதில் கடைசிவரை தங்கிவிட்டது. வகுப்பு ஆரம்பிக்கும் முன் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஆங்கிலப் பாட்டை ராகம் போட்டுப் பாட வேண்டும். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. வாயில் வாயிலாகப் பழகி, சொற்கள் எல்லாம் உருமாறி, கடைசியில் அது எந்த மொழியிலும் இல்லாத வெறும் சத்தமாகிவிட்டது. மூல வரி எதுவாக இருந்திருக்கும் என்று பெரியவரான பிறகு யோசித்துப் பார்த்தும், முழுசாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

வீட்டில் டியூஷனும் உண்டு. அகோர் பாபு என்ற மருத்துவ மாணவர் சாயங்காலம் ஆங்கிலப் பாடம் எடுக்க வருவார். பகல் முழுக்கப் பாடம் படித்துக் களைத்த பையன். மங்கலான விளக்கு வெளிச்சம். கையில் பியாரி சரண் சர்க்காரின் முதல் ஆங்கில வாசிப்புப் புத்தகம். தூக்கம் கண்ணைச் சுற்றும். மழை கொட்டினாலும் சார் வந்துவிடுவார். இன்று வரமாட்டார் என்று நினைக்கும்போதே தெருமுனையில் அவருடைய குடை தெரியுமாம்.

அண்ணன் போட்ட ஒரு கண்டிஷன்

இந்தக் கஷ்டத்துக்கு நடுவிலும் ஒரு நல்லது நடந்தது. பிள்ளைகளின் படிப்பைக் கவனித்துக்கொண்டவர் தாகூரின் மூன்றாவது அண்ணன் ஹேமேந்திரநாத். அவர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். முதலில் எல்லாப் பாடத்தையும் தாய்மொழியான வங்காளத்தில் படிக்கணும், அதன் பிறகுதான் ஆங்கிலம்.

அந்தக் காலக் கல்கத்தாவில் இது சாதாரண முடிவு இல்லை. ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்க வேலை, கோர்ட் வேலை. அதனால் வசதி உள்ள வீடுகளில் பிள்ளை பேச ஆரம்பித்ததும் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தாகூர் வீட்டிலோ கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாமே முதலில் வங்காளத்தில்தான்.

பின்னாளில் தாகூர் அண்ணனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். படிப்பதும் யோசிப்பதும் ஒரே மொழியில் நடந்ததால்தான் சின்ன வயதிலேயே மனசு திறந்தது என்பது அவர் நம்பிக்கை. இதற்கு அவர் சொன்ன உதாரணம் சாப்பாடு. வாயில் வைத்த முதல் கவளத்திலேயே ருசி தெரிய வேண்டும். அப்போதுதான் வயிறும் வேலை செய்யத் தயாராகும். அந்நிய மொழியில் தொடங்கும் படிப்பில் மெல்லுவதற்கே பல் உடைந்துவிடும், ருசி தெரிவதற்குள் பசியே போய்விடும் என்பது அவர் வாதம்.

அறையில் பூட்டி மொழிபெயர்த்த மேக்பெத்

பள்ளிக்கு இவன் சரிப்பட மாட்டான் என்று தெரிந்த பிறகு, ஞானசந்திர பட்டாச்சார்யா என்ற ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். வழக்கமான பாடப்புத்தகங்களை அவர் ஓரம் வைத்தார். சமஸ்கிருதத்தில் காளிதாசரின் குமாரசம்பவம், ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத். மேக்பெத்தின் ஒரு பகுதிக்கு முதலில் வங்காளத்தில் அர்த்தம் சொல்லுவார். அடுத்து அதை வங்காளச் செய்யுளாக எழுதச் சொல்லி, முடிக்கும் வரை பையனை அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். இப்படியே நாடகம் முழுவதும் மொழிபெயர்ப்பானது.

பூட்டி வைத்தது கொடுமைதான். ஆனால் ஒரு அந்நிய மொழியின் உள்ளே போக, சொந்த மொழி வாசலாக இருக்க முடியும் என்பதை அந்த வயதிலேயே தாகூர் அனுபவித்துத் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு முக்கிய இடம் கிடைத்தது.

டிகிரி இல்லாமல் திரும்பிய லண்டன் பயணம்

1878. தாகூருக்கு 17 வயது. வக்கீலாக்கலாம் என்று குடும்பம் அவரை இங்கிலாந்து அனுப்ப முடிவு செய்தது. கிளம்பும் முன் சில மாதம் அகமதாபாத்தில், அங்கே நீதிபதியாக இருந்த அண்ணன் சத்யேந்திரநாத் வீட்டில் தங்கினார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களைப் படிப்பார். படித்ததைப் பற்றி வங்காளத்தில் கட்டுரை எழுதுவார். பிறகு பம்பாயில் டாக்டர் ஆத்மாராம் பாண்டுரங் வீட்டில் தங்கினார். இங்கிலாந்து போய்வந்த அவருடைய மகள் அன்னா, தாகூருக்கு ஆங்கிலம் பேசப் பழக்கினார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஹென்றி மார்லி என்ற பேராசிரியர் எடுத்த ஆங்கில இலக்கிய வகுப்பு தாகூருக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் படிப்பை முடிக்காமலே 1880-ல் ஊர் திரும்பிவிட்டார். கையில் டிகிரி இல்லை. ஆங்கில இலக்கியத்தின் மீது ஆசை மட்டும் குறையவில்லை. தாகூர் ஆங்கிலத்தை வெறுத்தவர் என்று யாராவது சொன்னால், அவர் வாழ்க்கையே அதற்குப் பதில்.

1892: வங்காளத்தைக் கிளப்பிவிட்ட கட்டுரை

குடும்ப ஜமீனைப் பார்த்துக்கொள்ள தாகூர் கிழக்கு வங்காளத்துக்குப் போனார். ஆற்றங்கரைக் கிராமங்கள், படகு வீடு, விவசாயிகள். 1892-ல் ராஜ்ஷாஹி ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் கல்வி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். பெயர் 'ஷிக்ஷார் ஹேர்பேர்'. கல்வியில் நடக்கும் ஏறுமாறு என்று அர்த்தம் சொல்லலாம். பிறகு அது 'சாதனா' இதழில் வெளிவந்தது.

அதில் அவர் எடுத்துவைத்த முக்கியமான விஷயங்கள்:

முதலாவது, பாடப்புத்தகம். வங்காளக் கிராமத்துப் பையன் படிக்கும் ஆங்கில ரீடரில், இங்கிலாந்து வயலில் புல் அறுத்துக் காயவைக்கும் வர்ணனை. இன்னொரு பாடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் பனிக்கட்டியை உருட்டி எறிந்து விளையாடிச் சண்டை போடும் கதை. பனியையே பார்க்காத பிள்ளைக்கு மனதில் என்ன படம் வரும்? ஒன்றும் வராது. அப்புறம் உருப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது, ஆசிரியர். கீழ் வகுப்பில் ஆங்கிலம் எடுப்பவருக்கே ஆங்கிலமும் சரியாகத் தெரியாது, வங்காளமும் சரியாகத் தெரியாது. குதிரை ஒரு உன்னதமான விலங்கு என்ற சாதாரண ஆங்கில வாக்கியத்தைக் கூட இயல்பான வங்காளத்தில் சொல்ல முடியாமல் அவர் திணறுவதை தாகூர் கிண்டலாக விவரிக்கிறார்.

மூன்றாவது, வாழ்க்கை. பள்ளியில் படிக்கும் மொழி ஒரு பக்கம், வீட்டில் வாழும் மொழி மறுபக்கம். இரண்டும் சந்திக்கவே இல்லை. அதனால் படித்தது மனசில் ஒட்டாமல், தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடுகிறது.

அன்றைக்கு தாகூருக்கு வயது 31தான். ஆனால் நாவலாசிரியர் பங்கிம் சந்திரர், கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த குருதாஸ் பானர்ஜி, தேசியத் தலைவர் ஆனந்தமோகன் போஸ் மூன்று பேரும் அவருடைய கருத்தை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். ஆதரவு கிடைத்ததே தவிர, பல்கலைக்கழகம் மாறவில்லை. தேர்வும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது.

நகையை விற்று நடந்த பள்ளி

பேசிப் பிரயோஜனமில்லை என்று தாகூர் தானே களத்தில் இறங்கினார். முதல் சோதனை சொந்தப் பிள்ளைகளிடம். ஷிலைதஹ கிராமத்து வீட்டிலேயே அவர்களுக்குப் பாடம் நடந்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க லாரன்ஸ் என்ற ஆங்கிலேயரை வைத்தார். பட்டுப்புழு வளர்ப்பில் பைத்தியமாக இருந்த அந்த மனிதர், பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தார், வீடெல்லாம் புழுவும் வளர்த்தார்.

1901 டிசம்பர் 22-ம் தேதி, சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் செம்மண் பூமி. மாணவர்கள் ஐந்தே பேர். அதில் ஒருவர் தாகூரின் மகன் ரதீந்திரநாத். மரத்தடியில் வகுப்பு. எல்லாப் பாடமும் வங்காளத்தில். ஆங்கிலம் உண்டு, ஆனால் தனிப் பாடமாக.

பணத்துக்கு? பூரியில் இருந்த வீட்டை தாகூர் விற்றார். மனைவி மிருணாளினி தன் நகைகளைக் கொடுத்தார். பள்ளி தொடங்கி ஒரு வருஷத்துக்குள், 1902 நவம்பரில் மிருணாளினி இறந்துபோனார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா, 1905-ல் அப்பா, 1907-ல் கடைசி மகன் ஷமீந்திரநாத் என வரிசையாக மரணங்கள். இத்தனைக்கும் நடுவில்தான் அவர் வகுப்பெடுத்தார், ஆங்கிலப் பாடப்புத்தகங்களும் எழுதினார்.

முதலில் காது, அப்புறம்தான் புத்தகம்

'இங்கிரேஜி சோபான்', அதாவது ஆங்கிலப் படிக்கட்டு, 1904-லும் 1906-லும் இரண்டு பகுதிகளாக வந்தது. 1909-ல் 'இங்கிரேஜி ஷ்ருதிஷிக்ஷா'. கேட்டுக் கற்கும் ஆங்கிலம் என்று பொருள். திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் இருக்கிறதே, அந்தக் கேள்விதான் இந்த ஷ்ருதி.

இந்த முறை எப்படி வேலை செய்தது?

எழுத்தைக் காட்டும் முன் காதைப் பழக்கணும். வா, போ, உட்கார், எழுந்திரு, கதவைத் திற என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லுவார். பிள்ளை அதைச் செய்து காட்டும். அர்த்தம் உடம்பு வழியாகவே புரிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் கிட்டத்தட்ட இதே போன்ற முறையை உருவாக்கினார். அது உலகம் முழுக்கப் பிரபலமானது. தாகூர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வங்காளக் கிராமத்து மரத்தடியில் இதைச் செய்துகொண்டிருந்தார்.

அடுத்தது வாக்கியம். இலக்கண விதியை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒரே சின்ன வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவது. பையன் ஓடுகிறான் என்பதைக் கேள்வியாக மாற்று, இல்லை என்று பதில் சொல்லு, நேற்று நடந்ததாகச் சொல்லு, ஒரு பையனை நிறையப் பையன்களாக ஆக்கு. இப்படிப் பத்து விதமாகப் புரட்டும்போது இலக்கணம் தானாகக் கைக்கு வந்துவிடும். ஆசிரியர் விளக்கம் சொல்வதும் சந்தேகம் தீர்ப்பதும் வங்காளத்தில். வகுப்பில் தாய்மொழியில் பேசினால் அபராதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது கட்டம் மொழிபெயர்ப்பு. இதற்காக 1917-ல் 'அனுவாத் சர்ச்சா' என்ற புத்தகம் வந்தது. ஆங்கிலப் பகுதியை வங்காளத்தில் எழுதணும். பிறகு அந்த வங்காளத்தை மறுபடி ஆங்கிலமாக்கி, மூலத்தோடு வைத்துப் பார்க்கணும். எங்கே இடிக்கிறதோ, அங்கேதான் இரண்டு மொழிகளின் குணமும் தெரியும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் அது ஆங்கிலமாகாது என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும். அதோடு தன் மொழி எப்படி நடக்கிறது என்றும் அது கவனிக்க ஆரம்பிக்கும்.

தாய்மொழிக்கும் அவர் தனியாகப் பாடப்புத்தகம் எழுதினார். 1930-ல் வந்த 'சஹஜ் பாத்' வங்காள அரிச்சுவடி. ஓவியர் நந்தலால் போஸின் படங்களோடு வந்த அந்தப் புத்தகம் வங்காளக் குழந்தைகளின் பல தலைமுறைக்குப் பழக்கமானது.

மாணவர் மொழியைக் கற்ற வெள்ளைக்கார வாத்தியார்

1914-ல் ஆங்கிலேயர்களான சி.எஃப். ஆண்ட்ரூஸும் வில்லியம் பியர்சனும் சாந்திநிகேதனில் வந்து சேர்ந்தார்கள். பியர்சன் வங்காள மொழியை நன்றாகக் கற்றவர். தாகூரின் 'கோரா' நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் அளவுக்குத் தேர்ச்சி. பையன்களோடு விளையாடுவார், அவர்கள் மொழியிலேயே பேசுவார், அவர்களுக்கு ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பார்.

தாகூர் எதிர்பார்த்த ஆசிரியர் இப்படிப்பட்டவர்தான். ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பது மட்டும் போதாது. மாணவன் எந்த மொழியில் யோசிக்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்று புரியணும். பக்கத்துச் சந்தால் பழங்குடிக் கிராமங்களுக்கும் பியர்சன் போய் வேலை செய்தார். 1923-ல் இத்தாலியில் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து அவர் இறந்தார். சாந்திநிகேதனில் அவர் பெயரில் மருத்துவமனை அமைந்தது.

நோபல் வந்தது, கருத்து மாறியதா?

1912-ல் தாகூர் தன் வங்காளக் கவிதைகளைத் தானே ஆங்கிலத்தில் எழுதி லண்டன் எடுத்துப் போனார். அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்த பையை மகன் ரதீந்திரநாத் சுரங்க ரயிலில் மறந்து வைத்துவிட, தொலைந்த பொருள் அலுவலகத்தில்தான் அது கிடைத்தது. அந்த ஆங்கில கீதாஞ்சலிதான் 1913-ல் நோபல் பரிசுக்கு வழி வகுத்தது. ஆசியாவிலேயே முதல் இலக்கிய நோபல்.

இதற்குப் பிறகாவது ஆங்கிலமே போதும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1915-ல் மறுபடியும் கல்வி மொழி பற்றி எழுதினார். இந்த முறை அவர் காட்டிய உதாரணம் ஜப்பான். மேற்கத்திய அறிவியலை ஜப்பான் தன் சொந்த மொழி வழியாகவே எடுத்துக்கொண்டது, இங்கே மட்டும் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி.

1918-ல் 'தோதாகாஹினி' என்ற கிளிக் கதை. ஒரு ராஜா கிளிக்குக் கல்வி கொடுக்க உத்தரவு போடுகிறார். தங்கக் கூண்டு, பண்டிதர்கள், மலை மலையாகப் புத்தகங்கள். ஏடுகளைக் கிழித்துக் கிளியின் வாயில் திணிக்கிறார்கள். கடைசியில் கிளி செத்துப்போகிறது. அன்றைய கல்வி முறையைப் பற்றிய அவருடைய தீர்ப்பு அது.

1919 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து இந்தியப் பண்பாட்டு மையம் எப்படி இருக்கணும் என்று உரையாற்றியபோதும் இதே கவலையைப் பேசினார். படிப்பின் மொழியும் மக்களின் மொழியும் பிரிந்து கிடப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த உரை அடையாறில் சிறு நூலாக அச்சானது.

காந்தியோடு வந்த கருத்து வேறுபாடு

இப்போது கதையின் இன்னொரு பக்கம். 1921, ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்த நேரம். ஆங்கிலக் கல்வியைக் காந்தி கடுமையாக விமர்சித்தார். ராம்மோகன் ராய் போன்றவர்கள் ஆங்கிலச் சுமை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய ஆட்களாகி இருப்பார்கள் என்ற ரீதியில் அவர் பேசியது தாகூரை வருத்தப்படுத்தியது.

தாய்மொழிக் கல்விக்காக முப்பது வருஷம் பேசியவர், இங்கே ஆங்கிலத்துக்கு ஆதரவாக நின்றார். ராம்மோகன் ராய் பல மொழிகளையும் பல மதங்களையும் கற்றதால்தான் பெரிய மனிதரானார், ஜன்னலை மூடிக்கொள்வது சுதந்திரம் ஆகாது என்பது தாகூர் தரப்பு வாதம். அவர் பேச்சின் சாரம் இதுதான்: அடித்தளம் தாய்மொழி. அதன் மேல் ஆங்கிலத்தை நன்றாகவே கட்டணும். அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவதைத்தான் அவர் எதிர்த்தார்.

பெற்றோர் கேட்ட கேள்வி: எக்ஸாம் என்ன ஆகும்?

சரி, சாந்திநிகேதனில் அவர் நினைத்தது முழுக்க நடந்ததா? இல்லை.

பெற்றோருக்கு மெட்ரிகுலேஷன் தேர்வு முக்கியம். அதில் பாஸானால்தான் காலேஜ், அப்புறம் வேலை. தேர்வை நடத்தியது கல்கத்தா பல்கலைக்கழகம், எழுத வேண்டிய மொழி ஆங்கிலம். அதனால் மேல் வகுப்புகளில் சாந்திநிகேதன் பையன்களும் அந்தத் தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது. தன் பள்ளியும் மெல்ல மெல்ல மற்றப் பள்ளிகள் மாதிரியே ஆகிறதே என்ற வருத்தம் தாகூருக்குக் கடைசிவரை இருந்தது.

இதற்கு மாற்றாக 1924-ல் 'ஷிக்ஷா சத்ரா' என்ற இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். தேர்வு எதிர்பார்ப்பு இல்லாத ஏழை கிராமத்துப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. கைத்தொழில், தோட்ட வேலை, சொந்த மொழியில் படிப்பு. தன் உண்மையான கல்விக் கனவு அங்கேதான் நடக்கும் என்று நம்பினார். பிறகு அது பக்கத்திலுள்ள ஸ்ரீநிகேதனுக்கு இடம் மாறியது.

இங்கே ஒரு சிக்கலும் எட்டிப்பார்க்கிறது. தேர்வு பயம் இல்லாத படிப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு, தேர்வுக்கான ஆங்கிலம் வசதியுள்ள பிள்ளைகளுக்கு என்று பிரிந்தால், பெரிய வேலை யாருக்குப் போகும்? இன்னொன்று, சந்தாலி பேசும் பழங்குடிப் பிள்ளைக்கு வங்காளமே வேற்றுமொழிதானே? பெரும்பான்மை மொழியைத் தாய்மொழி என்று வைத்துக்கொள்ளும் எந்த மாநிலமும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

1937: மேடையில் முதல்முறை வங்காளம்

கல்கத்தா பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். 80 வருஷமாகப் பட்டமளிப்பு விழா உரை ஆங்கிலத்தில் மட்டும்தான். 1937 பிப்ரவரியில் அந்த மேடைக்கு தாகூர் அழைக்கப்பட்டார். அவர் வங்காளத்தில் பேசினார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், பட்டதாரிகளுக்கு முன் அவர்கள் மொழியில் பேசிய நாள் அது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தாய்மொழியில் எழுதும் முறை 1940-ல் நடைமுறைக்கு வந்தது. ராஜ்ஷாஹியில் கட்டுரை வாசித்ததிலிருந்து கணக்குப் போட்டால் 48 வருஷம்.

அதே 1940-ல் ஆகஸ்ட் 7-ம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சாந்திநிகேதனுக்கே வந்து டாக்டர் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்தவர்களில் எஸ். ராதாகிருஷ்ணனும் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டு வழக்கப்படி பாராட்டுரை லத்தீனில் வாசிக்கப்பட்டது. தாகூர் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1941 ஆகஸ்ட் 7 அன்று, பிறந்த அதே ஜோராசாங்கோ வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.

அவருக்குப் பிறகு நடந்தது என்ன?

1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்க இடதுசாரி அரசு, அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தை நிறுத்தியது. அந்த விவாதத்தில் தாகூரின் பெயரும் அடிபட்டது. ஆனால் எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அரசுப் பள்ளியை நம்பிய பிள்ளைகள்தான் பின்தங்குகிறார்கள் என்ற கோபம் வளர்ந்தது. கடைசியில் ஆங்கிலம் படிப்படியாக ஆரம்ப வகுப்புகளுக்குத் திரும்பியது.

தாகூரின் யோசனையில் ஒரு பாதியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். தாய்மொழி முதலில் என்பது ஒரு பாதி. ஆங்கிலத்தைக் காது வழியாக, பேச்சு வழியாக, பிள்ளைக்குப் புரியும் உலகத்திலிருந்து நன்றாகச் சொல்லிக்கொடுப்பது அடுத்த பாதி. அந்த இரண்டாவது பாதிக்குத் தகுந்த ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும், உழைப்பு வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். எல்.கே.ஜி.-யிலிருந்தே எல்லாம் ஆங்கிலத்தில் என்று போர்டு மாட்டிவிட்டு, பிள்ளை அர்த்தம் புரியாமல் ரைம்ஸ் ஒப்பித்தால், நார்மல் ஸ்கூலில் நடந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

• பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு பாட்டையோ பாடத்தையோ ஒப்பித்தால், அதை வீட்டு மொழியில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால் அது வெறும் சத்தம்.

• ஏ, பி, சி எழுதவைக்கும் முன், சின்னச் சின்ன ஆங்கிலக் கட்டளைகளை விளையாட்டாகச் சொல்லி, செய்யவைத்துப் பழக்கலாம்.

• ஒரு வாக்கியத்தைக் கற்றால் அதையே கேள்வியாக, மறுப்பாக, நேற்று நடந்ததாக மாற்றிப் பேசவைக்கலாம்.

• வகுப்பில் தாய்மொழியில் சந்தேகம் கேட்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. கேள்வி எந்த மொழியில் வந்தாலும், அது கற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம்தான்.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. பிள்ளையின் மொழியையும் ஆங்கிலத்தையும் ஒருசேர மதிக்கிற ஒரு ஆசிரியர் வேண்டும். 1901-ல் ஐந்து பிள்ளைகளோடு தாகூர் தொடங்கியபோது அவருக்கும் முதலில் தேவைப்பட்டது அதுதான்.